கரையில் கட்டும் கப்பல், கடலில் நிற்கும் கப்பல்: ஒரு கிரேக்கத் தீவுப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் போகப்போகிறோம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எந்தத் தீவில் உங்கள் கப்பல் கரையிலேயே கயிறு போட்டுக் கட்டும், எந்தத் தீவில் கடலிலேயே நின்றுகொண்டு டெண்டர் படகில் ஆட்களை இறக்கும்? கரையில் சொந்தமாகச் சுற்றலாமா, கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவையே வாங்கலாமா என்று பலரும் வாரக்கணக்கில் குழம்புகிறார்கள். பாதிப் பதில் இந்த ஒரு விவரத்தில் இருக்கிறது. கரையில் கட்டினால் நாள் உங்கள் கையில். கடலில் நின்றால் படகு, வரிசை, காற்று மூன்றும் உங்கள் நாளில் பங்கு கேட்கும்.

இதை வெறும் அறிவுரையாகச் சொல்லாமல், நடந்த ஒரு பயணத்தை எடுத்து விரிவாகப் பார்க்கலாம். 2025 அக்டோபர் முதல் வாரம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏறி மிகோனோஸ், ரோட்ஸ், சாண்டோரினி, கிரீட் தீவின் ஹெராக்லியோன் வழியாக மறுபடி பிரேயஸ். போனவர்கள் ஐந்து பேர்: அக்கா, மாமா, மாமாவின் அம்மா, அக்கா மகள், நான். மாமாவின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எழுபதைத் தாண்டியவர். சமதரையில் மெல்ல ஒரு மணி நேரம் நடப்பார், படி என்றால் முழங்கால் ஒத்துழைக்காது. மாமாவுக்குப் பழைய நகரங்களின் இடிபாடுகள் என்றால் உயிர். அக்கா மகள் கல்லூரி மாணவி, சாண்டோரினியின் இயா கிராமத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. இப்படி மூன்று திசையில் இழுக்கும் குடும்பத்துக்கு எல்லாத் துறைமுகத்திலும் ஒரே முறை பொருந்தாது. துறைமுகத்துக்குத் துறைமுகம் தனித்தனியாக முடிவெடுத்தோம்.

கப்பலைத் தேர்ந்த விதம்

எங்கள் முன்னால் இரண்டு பயணத்திட்டங்கள் இருந்தன. ஒன்று நான்கு இரவு. விலை குறைவு, தீவுகளின் எண்ணிக்கை அதிகம், துருக்கியின் குசாடசியும் உண்டு. ஆனால் அட்டவணையை உற்றுப் பார்த்தால், காலையில் ஹெராக்லியோனில் ஐந்து மணி நேரம், அதே நாள் மாலை சாண்டோரினியில் நான்கரை மணி நேரம். இரண்டாவது ஏழு இரவு. தீவுகள் குறைவு, ஒவ்வொன்றிலும் பகல் முழுவதும்.

நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். சாண்டோரினியில் நான்கரை மணி நேரம் என்று அச்சிட்டிருந்தால், டெண்டருக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, கடைசிப் படகுக்கு முன் கீழே இறங்குவது எல்லாம் அதற்குள்தான். கையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம் இருக்கலாம். விளம்பரத்தில் தீவின் பெயர் வந்துவிடும், தீவு வராது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. குசாடசி உள்ள திட்டத்தில் கப்பல் ஷெங்கன் எல்லையை, அதாவது ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியை, விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறது. பலமுறை நுழைவு அனுமதிக்கும் ஷெங்கன் விசா இல்லாமல் அதில் ஏறக் கூடாது. விசா மனு போடும்போதே பயணத்திட்டத்தை இணைத்து, பலமுறை நுழைவு தேவை என்று எழுதிவிட வேண்டும். துருக்கியில் இறங்க என்ன காகிதம் கேட்பார்கள் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கிரேக்கத் துறைமுகங்கள் மட்டுமே உள்ள திட்டத்தில் இந்தத் தலைவலி கிடையாது.

கப்பல் முடிவான பிறகு நான் பார்த்தது, எங்களோடு அதே நாளில் எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பது. துறைமுக வாரியாகக் கப்பல் வரவு அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. 2024 ஜூலை 23 அன்று சாண்டோரினியில் ஒரே நாளில் சுமார் 11,000 கப்பல் பயணிகள் இறங்கினார்கள். தீவில் நிரந்தரமாக வாழ்பவர்களே ஏறக்குறைய 15,000 பேர்தான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அன்று தீவின் தலைநகர் ஃபிராவின் சந்துகள் எப்படி இருந்திருக்கும் என்று புரியும். நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்ற வரம்பை 2025 பருவத்திலிருந்து இறுக்கிப் பிடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் நாளில் மூன்று கப்பல்கள். பெரிய கூட்டம்தான், ஆனால் திட்டமிட்டால் சமாளிக்கக்கூடிய கூட்டம்.

2025 ஜூலையிலிருந்து கரை இறங்கும் வரியும் வந்திருக்கிறது. மிகோனோஸிலும் சாண்டோரினியிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுக்கு 20 யூரோ, ஏப்ரல், மே, அக்டோபரில் 12, குளிர்காலத்தில் 4. மற்றத் துறைமுகங்களில் இது 5, 3, 1. கப்பல் நிறுவனமே கணக்கில் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஐந்து பேர் என்றால் செப்டம்பரிலிருந்து அக்டோபருக்குத் தள்ளியதில் இரண்டு தீவுக்கும் சேர்த்து 80 யூரோ மிச்சம். அதைவிடப் பெரிய லாபம் காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி, நாள்கணக்கில் விடாது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், கடல் மட்டும் படகை விடாது. அக்டோபரில் அதன் வேகம் தணிந்துவிடும். பதிலுக்கு மழை வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், பஸ்கள் குறையும். அத்தையை வைத்துப் பார்த்தால் வெயில் குறைவதே போதும் என்று தோன்றியது.

பிரேயஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு நாள் முன்னதாகவே ஏதென்ஸ் போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. 2022 அக்டோபரிலிருந்து மெட்ரோவின் மூன்றாம் தடம் விமான நிலையத்திலிருந்து நேராகப் பிரேயஸ் வரை ஓடுகிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மெட்ரோ நிலையம் ஃபெர்ரிகள் நிற்கும் பக்கம். பயணிகள் கப்பல் முனையங்கள் அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. பெட்டிகளோடு அந்தத் தூரத்தை நடக்க நினைக்காமல் டாக்சி பிடிப்பதே மேல். அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த சீட்டுதான் இப்போது, 2025 ஏப்ரலிலிருந்து 30 யூரோ. கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் இணையச் சீட்டுத் தளத்திலேயே எடுத்துவிடலாம்.

மிகோனோஸும் டெலோஸும்

மிகோனோஸில் கப்பல்கள் சில நாள் கடலில் நிற்கும், சில நாள் தூர்லோஸ் என்ற புதுத் துறையில் கட்டும். எங்களுடையது கட்டியது. அங்கிருந்து ஊர் இரண்டு கிலோமீட்டர். சாலையோரம் நடப்பது நன்றாக இராது, நடைபாதை ஒழுங்காக இல்லை. சீபஸ் என்ற சிறு படகு புதுத் துறைக்கும் பழைய துறைக்கும் இடையே ஓடுகிறது, பத்து நிமிடத்துக்குள் பழைய துறையில் இறக்கிவிடும். டெலோஸ் தீவுக்குப் போகும் படகுகளும் அந்தப் பழைய துறையிலிருந்தே கிளம்புகின்றன என்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

குடும்பம் இங்கே இரண்டாகப் பிரிந்தது. மாமா, அக்கா மகள், நான் டெலோஸுக்கு. அக்காவும் அத்தையும் ஊரில். மிகோனோஸ் ஊரின் சந்துகள் பெரும்பாலும் சமதரை. கல்பாவிய தரையில் இணைப்புகளுக்கு மட்டும் வெள்ளை பூசியிருப்பார்கள். கடலோரத்தில் பரபோர்டியானி கோவில், ஐந்து சின்னக் கோவில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வெள்ளைக் குவியல். அத்தை அதன் எதிரே இருந்த திண்டில் உட்கார்ந்து அரை நாளைக் கழித்தார், நிறைவாகக் கழித்தார். கப்பல் சுற்றுலாவில் போயிருந்தால் இப்படி உட்கார விட்டிருக்க மாட்டார்கள்.

டெலோஸ் அரை மணி நேரப் பயணம். காலையில் சில படகுகள், திரும்புவதற்கும் குறிப்பிட்ட சில படகுகள்தான். போவதற்கு முன் திரும்பும் நேரத்தைக் கப்பல் கிளம்பும் நேரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தையதைக் குறித்துக்கொண்டோம். திங்கள்கிழமை போகிறவர்கள் தளம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தீவில் யாரும் இரவு தங்க முடியாது, கடைத்தெரு கிடையாது, மரநிழலும் அபூர்வம். கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்துப் பக்கத்து ரெனியா தீவுக்கு மாற்றி, இனி டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள். கிரேக்கக் கடவுள் அப்பல்லோ பிறந்த மண் என்பது காரணம். பிறகு ரோமானியர் காலத்தில் வரியில்லாத் துறைமுகமாகி, அடிமைச் சந்தையாகி, கி.மு. 88இலும் 69இலும் சூறையாடப்பட்டு ஒழிந்தது. நாக்சோஸ் சலவைக்கல் சிங்கங்கள்தான் படங்களில் வரும். வெளியே வரிசையில் நிற்பவை நகல்கள், மூலங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. எனக்கு அதைவிடப் பிடித்தது நாடக அரங்குக்குக் கீழே உள்ள மழைநீர்த் தொட்டி. மேல்மூடியைத் தாங்கிய கல் வளைவுகள் வரிசையாக அப்படியே நிற்கின்றன. அரங்கின் படிகளில் விழும் மழையெல்லாம் அங்கே வந்து சேரும்படி கட்டியிருக்கிறார்கள். ஊற்று வற்றும் ஒரு தீவில் இத்தனை ஆயிரம் பேர் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தொட்டியே பதில். மாமா அதன் விளிம்பைவிட்டு நகரவே இல்லை.

தண்ணீர், தொப்பி, நல்ல ஷூ மூன்றையும் மிகோனோஸிலிருந்தே கொண்டு போக வேண்டும். காற்று பலமாக இருந்தால் டெலோஸ் படகுகள் ஓடாது. அதனால் நாங்கள் சீட்டை முன்கூட்டி வாங்காமல், காலையில் பழைய துறையின் சாவடியில் வாங்கினோம்.

ரோட்ஸ்

ரோட்ஸில் திட்டமே தேவையில்லை என்று சொல்லிவிடலாம். கப்பல் கட்டிய இடத்திலிருந்து கோட்டைச் சுவர் எதிரே தெரிகிறது. சில நிமிட நடையில் வாயிலுக்குள் போய்விடலாம். 1309 முதல் 1522 வரை புனித யோவான் படைவீரர்கள் ஆண்ட நகரம், 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதைப் பார்க்க வழிகாட்டிக் குழுவோடு கொடி பின்னால் ஓடுவது வீண். தரை மட்டும் கவனம்: கூழாங்கற்களை நெட்டுக்குத்தாகப் பதித்த சந்துகள், முழங்காலுக்கு நல்லதல்ல. அத்தை காலையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பி, சாப்பிட்டு, படுத்து எழுந்து, நாலு மணிக்கு மறுபடி இறங்கி வந்தார். "இது நம்ம வீட்டு வாசல் மாதிரி இருக்கு, நினைச்சா போறேன், நினைச்சா வர்றேன்" என்றார். கரையில் கட்டும் துறையின் மதிப்பை வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமாவும் மகளும் லிண்டோஸ் போனார்கள். சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே, மண்ட்ராகி துறையருகே புதுச் சந்தைக்குப் பக்கத்திலிருந்து கேடெல் என்ற உள்ளூர்ப் பஸ், ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். பாறை உச்சியில் அதீனா கோவில், அதற்கு ஏறப் படிகள். போகவர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும் என்பதால் கப்பல் மாலை வரை நிற்கும் நாளில் மட்டுமே இதைச் செய்யலாம். திரும்பும் பஸ் நிறைந்து வந்தால் அடுத்ததைப் பிடிக்க நேரம் இருக்க வேண்டும்.

சாண்டோரினி: ஒரே நாள், இரண்டு வழி

இந்த ஆய்வின் மையம் இதுதான். சாண்டோரினியில் கட்டும் துறை கிடையாது. தீவே எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தின் விளிம்பு. பள்ளத்துக்குள் கடல் பல இடங்களில் 300 மீட்டருக்கும் ஆழம், வழக்கம்போல நங்கூரம் போட்டு நிற்கும் கடல் இல்லை. கப்பல்கள் மிதவையில் கட்டியோ எஞ்சினை ஓட்டி நிலைநிறுத்தியோ நிற்கும். உள்ளூர்ப் படகோட்டிகள் வந்து பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோவார்கள்.

கரை என்பது இரண்டு இடம். ஒன்று ஃபிரா ஊருக்கு நேர் கீழே உள்ள பழைய துறை. அங்கிருந்து 220 மீட்டர் உயரே ஊர். ஏற மூன்று வழி: கேபிள் கார், 588 படிகள், கழுதை அல்லது கோவேறு கழுதை. இன்னொன்று அதினியோஸ், ஃபெர்ரிகள் வரும் துறை, பஸ் ஏறும் சாலை உண்டு. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்கியவர்களை அதினியோஸில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். சொந்தமாகச் சுற்றுகிறவர்கள் பழைய துறைக்குத்தான்.

கேபிள் கார் 1979இல் வந்தது, நோமிகோஸ் அறக்கட்டளை தீவுக்குக் கொடுத்த கொடை. ஆறு பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பேர், ஆக ஒரு முறைக்கு 36 பேர். பயணம் மூன்று நிமிடம். ஏற்றி இறக்க ஒரு நிமிடம் என்று வையுங்கள், மணிக்குப் பதினைந்து முறை, ஒரு திசையில் 540 பேர். காலையில் மூன்று கப்பல்களின் சுயேச்சைப் பயணிகள் மூவாயிரம் பேர் ஒன்றாக வந்து நின்றால், கடைசி ஆள் மேலே போக ஐந்தரை மணி நேரம் ஆகும். ஒரே நேரத்தில் எல்லாரும் வருவதில்லை, சிலர் படியேறுவார்கள் என்பதால் நடைமுறையில் அவ்வளவு ஆகாது. ஆனாலும் இந்தக் கணக்கை மனதில் வைக்காமல் சாண்டோரினிக்குத் திட்டம் போடக் கூடாது.

நாங்கள் இரண்டு அணியாகப் போனோம். அக்கா, மாமா, அத்தை மூவரும் கப்பலின் சுற்றுலா, ஆளுக்கு நூறு யூரோவை ஒட்டி. அக்கா மகளும் நானும் சொந்தமாக.

சுற்றுலாக்காரர்களுக்கு முதல் படகு. காலை ஏழரைக்கு டெண்டரில் ஏறினார்கள். கடல் அன்று அமைதிதான், ஆனாலும் கப்பலின் கதவுக்கும் படகின் தளத்துக்கும் இடையே ஒரு சாண் ஏறி இறங்கியது. அத்தை தயங்கி நின்றார். "அத்தை, கீழே பார்க்காதீங்க, அந்தப் பையன் கையைப் பாருங்க" என்றாள் அக்கா. இரண்டு பணியாளர்கள் ஆளுக்கொரு முன்கையைப் பிடித்து, படகு மேலே எழும் நொடியில் "இப்போது" என்று ஒரே எட்டில் உள்ளே எடுத்துவிட்டார்கள். மூட்டு வலி உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: டெண்டரில் சிரமம் அந்த ஒரு எட்டுதான். கைப்பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, இரண்டு கையையும் சும்மா வைத்திருக்க வேண்டும்.

அதினியோஸிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் இயாவில் இருந்தார்கள். கூட்டம் வராத நேரம். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், பளிங்குத் தரை போட்ட பெரிய தெருவில் அத்தையால் நடக்க முடிந்தது. நீலக் குவிமாடங்களைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் பஸ்.

எங்களுக்கு டெண்டர் எண் வந்தபோது எட்டே முக்கால். பழைய துறையில் இறங்கியதும் கேபிள் கார் வரிசை படிக்கட்டு தாண்டிக் கடை வாசல்வரை வந்திருந்தது. "சித்தி, இதுல நின்னா பாதி நாள் போயிடும்" என்றாள் அக்கா மகள். நிற்கும் எண்ணம் எங்களுக்கு முன்பே இல்லை. அதே துறையில் சிறு படகுக்காரர்கள் சாவடி போட்டு இயாவுக்குச் சீட்டு விற்கிறார்கள்: படகில் இயாவின் கீழ்த்துறை, அங்கிருந்து சிறு பஸ்ஸில் ஊருக்கு, பிறகு இயாவிலிருந்து ஃபிராவுக்கும் பஸ். விலை கப்பல் சுற்றுலாவில் நாலில் ஒரு பங்கு. கேபிள் கார் வரிசையை முற்றாகத் தவிர்த்துவிட்டு, பாறைச் சுவரைக் கீழிருந்து பார்த்தபடி போகிறோம். சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று வெடிப்புக்கு வெடிப்பு படிந்த அடுக்குகள், அதன் உச்சியில் ஊர். சாண்டோரினியை முதலில் பார்க்க வேண்டிய கோணம் அந்தப் படகின் தளம்தான் என்பது என் துணிவு.

இயாவில் பத்து மணிக்கு ஏறியபோது தெரு நிரம்பத் தொடங்கியிருந்தது. அக்கா குடும்பம் அப்போதுதான் பஸ் ஏறியது. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு இயா: அவர்களுடையது காலியானது, குறுகியது. எங்களுடையது நெரிசலானது, ஆனால் விரும்பியபடி இரண்டு மணி நேரம். அக்கா மகளுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் முக்கியம்.

எல்லாரும் ஃபிராவில் பன்னிரண்டரைக்குச் சந்தித்தோம். கப்பல் சுற்றுலா ஃபிராவில் முடிந்துவிடுகிறது. கையில் கேபிள் கார் சீட்டைக் கொடுத்து, கீழே நீங்களே இறங்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். நூறு யூரோ கொடுத்தவரும் படகுச் சீட்டு வாங்கியவரும் கடைசியில் ஒரே வரிசையில்தான். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா வாங்கித் தருவது காலை ஏற்றத்தை. மாலை இறக்கத்துக்கு அது எந்தச் சலுகையும் தருவதில்லை. சுற்றுலா வாங்கினால் நாள் முழுவதும் கவலையில்லை என்று நினைக்கிறவர்கள் இதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கடைசி டெண்டர் மாலை ஐந்து மணிக்கு. கணக்கின்படி மூன்றரைக்கு மேல் இறங்க நினைப்பது ஆபத்து. நாங்கள் இரண்டு மணி என்று வைத்திருந்தோம். சாப்பாட்டுக்கு ஃபாவா: தீவிலேயே விளையும் மஞ்சள் பயறை வேகவைத்து மசித்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவது. நம் பருப்பு மசியலைப் போலத்தான், அத்தை இன்னொரு தட்டு கேட்டார். பிறகு நேரே கேபிள் கார். வரிசையில் அரை மணி நேரம் நின்று, மூன்று மணிக்கு முன் கீழே வந்துவிட்டோம். அக்கா மகள் மட்டும் படியில் இறங்குகிறேன் என்று போனாள், எங்களுக்கு முன்பே கீழே நின்றாள். கால் பழகியவர்களுக்கு இறங்க அரை மணி நேரம் போதும். ஆனால் கழுதைகளும் அதே படியில் போகின்றன. கற்கள் தேய்ந்து வழவழப்பு, அதன்மேல் சாணம். செருப்புப் போட்டு இறங்கக் கூடாது. கழுதைமேல் ஏறுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2018இல் கிரேக்க அரசு அவற்றின் முதுகில் 100 கிலோவுக்கு மேல், அல்லது அவற்றின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாதென்று விதி போட வேண்டியிருந்தது என்பதே போதுமான காரணம்.

நான்கு மணிக்கு இறங்க வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் நின்றதாக அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கேட்டோம். டெண்டருக்காக நிற்கும் கூட்டத்தைக் கப்பல் பார்க்க முடியும், மேலே ஊரில் கேபிள் காருக்கு நிற்பவரைப் பார்க்க முடியாது.

கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் துறைமுகம் வாரியாகவே யோசித்து வைத்திருந்தோம். சாண்டோரினிக்கு அடுத்தது ஹெராக்லியோன். பருவ நாள்களில் விரைவுப் படகு உண்டு, இரண்டு மணி நேரம் சொச்சம். அதனால் இங்கே தவறினாலும் மீள வழி இருக்கிறது. மிகோனோஸிலிருந்து ரோட்ஸ் போவது அவ்வளவு எளிதல்ல. ஆகவே மிகோனோஸில்தான் திரும்பும் நேரத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தோம். எங்கள் கப்பலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆகவே பாஸ்போர்ட், விசாப் பக்கம் இரண்டின் நகலும் ஆளாளுக்குப் பையில். கப்பலின் தினசரித் தாளில் அந்தத் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும், அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே இறங்கினோம்.

ஹெராக்லியோன்

மறுபடி கட்டும் துறை, மறுபடி சுதந்திரம். நாசோஸ் அரண்மனை துறைமுகத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். நகரப் பஸ் எண் 2 அடிக்கடி ஓடுகிறது. சீட்டை கியோஸ்க்கில் வாங்கினால் பஸ்ஸுக்குள் வாங்குவதைவிட விலை குறைவு. எட்டு மணி நுழைவுக்கு இணையத்தில் சீட்டு எடுத்து, கப்பல் சுற்றுலா பஸ்கள் வருவதற்கு முன் உள்ளே போய்விட்டோம். ஆர்தர் எவான்ஸ் 1900இல் தோண்டத் தொடங்கி, கான்கிரீட்டில் தூண்களை நிறுத்திச் சிவப்பு வண்ணம் அடித்து, தான் கற்பனை செய்தபடி பல பகுதிகளைக் கட்டி எழுப்பினார். அதனால் எது பழையது, எது அவருடையது என்று புரியாமல் போகும் அபாயம் உண்டு. இங்கே மட்டும் வாசலில் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம், நல்ல முடிவு. 2025 ஜூலையில் நாசோஸ் உள்ளிட்ட ஆறு மினோவன் (கிரீட்டின் பண்டை நாகரிகம்) அரண்மனை மையங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன என்பதால் இனிமேல் கூட்டம் கூடத்தான் செய்யும். பத்தரைக்குத் திரும்பி நகர அருங்காட்சியகம். காளையின் முதுகில் தாவும் சுவரோவியத்தின் அசல் துண்டுகளும் இன்னும் படித்தறிய முடியாத குறிகள் பதிந்த பைஸ்டோஸ் களிமண் வட்டும் அங்கேதான். அத்தைக்கு உட்கார இருக்கை, குளிர்சாதனம், லிஃப்ட் எல்லாம் இருந்ததால் மாமா அவசரமில்லாமல் பார்த்தார்.

இதே பயணத்தை ஜூலை அல்லது ஆகஸ்டில் போகிறவர்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். காற்று பலமானால் கப்பல் மிகோனோஸையோ சாண்டோரினியையோ விட்டுவிட்டு நேரே அடுத்த துறைக்குப் போகலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் உண்டு. ஆகவே அந்த இரண்டு தீவுகளிலும் திரும்பிவராத பணத்தை எதற்கும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ரோட்ஸிலும் ஹெராக்லியோனிலும் துணிந்து கட்டலாம். சாண்டோரினியில் வயதானவர்களோடு இருந்தால் அதினியோஸ் வழியாகப் போகும் கப்பல் சுற்றுலாவை எடுங்கள், ஆனால் ஃபிராவில் விட்டதும் கடைகளைப் பார்க்காமல் சாப்பிட்டவுடன் கீழே இறங்கிவிடுங்கள். அக்ரோதிரி அகழாய்வுத் தளத்தையும் இயாவையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், ஒன்று தீவின் தென்கோடி, மற்றது வடகோடி, நடுவில் ஃபிராவில் பஸ் மாற வேண்டும். கேடெல் பஸ்களில் பெரும்பாலும் நடத்துநரிடம் ரொக்கம்தான், சில்லறை யூரோ நாணயங்களைக் கப்பலிலிருந்து இறங்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.